கைமாறிய துயில்

முன்துயிலிலிருந்து எழுந்தோர் அனைவரும் முதலில் தம் கைகளையே பார்த்துக்கொண்டனர். பத்து ஆண்டுகளின் மூப்பு அங்கே ஒட்டியிருக்கிறதா என்று புறங்கையைத் திருப்பிப் பார்ப்பர், நகங்களைத் தடவுவர், பின்னர் எவரும் கேளாமலே புன்னகை செய்வர். ஆலாத்திட்டுப் பள்ளிக்கூடத்தின் நீண்ட வகுப்பறையில், சாளரத்தின் வழியே புகுந்த காயலின் ஒளி கூரையில் அசைந்துகொண்டிருக்கும். அதன்கீழ், இக்காலத்துக்கு இன்னும் முழுமையாகத் திரும்பாதவர்களாய் அவர்கள் பாய்களில் அமர்ந்திருப்பதைத் துயில் அலுவலர் நிறைமதி நாள்தோறும் கண்டாள். அவ்வேளையில் அவர்களிடம் உரக்கப் பேசலாகாது என்பது அவளுக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம்.

ஆலாத்திட்டு கடலுக்கும் காயலுக்கும் இடையே நீண்டு கிடந்த மணல்தீவு. படகின்றி அதனை அடைய இயலாது. காயல் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் குறுக்கே ஒரு பாலம் அமைத்து, அத்தீவை நகரத்தோடு இணைக்க அரசு எண்ணியது. பாலம் வந்தால் பேருந்து வரும், மருத்துவமனை அருகாகும், பிள்ளைகள் மழைக்காலத்திலும் மேனிலைப் பள்ளிக்குச் செல்வர். ஆனால் தூண்களைச் சுற்றி மணல் படியும், முகத்துவாரம் சிறிது சிறிதாக மூடிக்கொள்ளும், கடல்நீர் வந்துபோகாத காயலில் இறால் வளராது, பூநாரைகளும் இறங்கமாட்டா. இவ்விரண்டும் மெய்யாக இருந்தமையால், இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வோர் முன்னதாக இரண்டையும் வாழ்ந்து பார்த்தல் வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. அதற்காகவே பள்ளிக்கூடத்தில் கருவிப் பெட்டியோடு முன்துயில் முகாம் அமைந்திருந்தது.

"ஏன் மேடம், தூங்குறதுக்குக்கூட இப்ப கவருமெண்டுதான் பாய் போடணுமா?" என்று முகாமின் முதல் நாளிலேயே அஞ்சாப்புலி கேட்டான். நண்டு பிடிப்பதில் கைதேர்ந்தவன். ஊரில் எவரையும் கேலி செய்யாமல் விடாதவன்.

"உங்க வீட்ல தூங்கினா நேத்து நடந்தது கனவுல வரும். இங்க தூங்கினா, பத்து வருஷம் கழிச்சு வரப்போற ஒரு நாள் வரும்," என்றாள் நிறைமதி. "காலையில பாலம் இருக்கிற தூக்கம். மத்தியானத்துக்கு மேல பாலம் இல்லாத தூக்கம். ரெண்டையும் பாத்துட்டு ஓட்டுப் போடுங்க."

"பத்து வருஷம் கழிச்சு நான் எப்படி இருப்பேன்னு அந்தப் பொட்டிக்கு இன்னா தெரியும்?"

"போன மாசம் உங்க ரத்தம் எடுத்தாங்க, நெஞ்சுத்துடிப்பு பாத்தாங்க இல்லையா? அது, உங்க வீடு, தொழில், காயல்ல எவ்வளவு உப்பு, எவ்வளவு மணல், எல்லாத்தையும் சேத்து அது ஒரு நாளை நெய்யும். உங்க கையில கட்டுற வளையத்துக்குள்ள இருக்கிற நாள் உங்களோடது மட்டுந்தான். அதுல உங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும்."

"என் பொண்டாட்டி அதுல என்னை அடிக்கிறாளான்னு பாக்கணும். அடிச்சான்னா பாலம் வேணாம்."

"அதுக்கு எதுக்குப் பத்து வருஷம்? வூட்டுக்கு வா," என்றாள் பின்னால் நின்ற அவன் மனைவி தேசம்மாள். வரிசை முழுதும் சிரித்தது.

தேசம்மாள் நாற்பதைக் கடந்தவள். மணமாகி நெடுங்காலமாகியும் அவளுக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. அதுபற்றி ஊரார் பேசுவதை நிறுத்திவிட்ட பின்னரும், அவள் தன்னுள் பேசுவதை நிறுத்தியவளல்லள். அவளுடைய கொழுந்தனுக்கு அவ்வாண்டுதான் திருமணம் நடந்திருந்தது. புதிதாக வந்த ஓரகத்தி நாகவள்ளி, தேசம்மாளைத் தன் உடன்பிறந்தாளைப் போலச் சுற்றிச்சுற்றி வந்தாள்.

முகாம் முடியும் தறுவாயில், ஒரு புதன்கிழமை முற்பகலில், துயிலிலிருந்து எழுந்த தேசம்மாள் தன் கைகளைப் பார்க்கவில்லை. வலக்கையை மூடிக்கொண்டு, அதனுள் ஏதோ இருப்பது போல மடியில் வைத்துக்கொண்டாள். நிறைமதி அருகே சென்று அமர்ந்தாள்.

"என்னை அம்மான்னு கூப்பிட்டா மேடம்," என்றாள் தேசம்மாள்.

அவள் சொன்னது இதுதான். அந்தி நேரம். பாலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற, அவற்றின் மஞ்சள் ஒளியினூடே அவள் நடந்துகொண்டிருந்தாள். கால்கள் தரையில் படுவதே தெரியவில்லை. கீழே நீர் இல்லை. உப்புப் பூத்த வெண்மணல் தொடுவானம்வரை கிடந்தது. நடுப்பாலத்தில், கைப்பிடிச் சுவரின் அடியில், எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிப்பையைத் தலையணையாக்கிச் சாய்ந்திருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. இவளைக் கண்டதும் எழுந்து, "எவ்ளோ நேரம்மா? பெரியம்மா நண்டு வறுத்து வெச்சிருக்கும், ஆறிப்போவும்," என்று சொல்லிக் கையைப் பற்றிக்கொண்டாள். சிரித்தபோது ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. அவ்வளவே. கைகோத்து நடந்தனர். நகரத்தின் விளக்குகள் நெருங்கி வந்தன.

"யாரைப் பெரியம்மான்னு சொன்னாளோ தெரில," என்றாள் தேசம்மாள். "எனக்கு மூத்தவ யாரும் எங்க வூட்ல கெடையாது. கேக்கலாம்னு வாயத் தொறந்தேன், நீங்க எழுப்பிட்டீங்க."

"நான் எழுப்பலம்மா. நேரம் முடிஞ்சா தானா விழிப்பு வந்துடும்."

"இன்னும் கொஞ்சம் வுட்டிருக்கலாம்."

பிற்பகலில் அவள் இரண்டாம் துயிலுக்கு விரைந்து வந்தாள். பாலம் இல்லாத உலகிலும் அச்சிறுமி இருப்பாளா என்று பார்க்கவேண்டும் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் எழுந்தபோது அவள் கண்களில் குழப்பம் மட்டுமே இருந்தது.

"ஒன்னுமே வரல மேடம். இருட்டு. தண்ணிக்கு அடியில கண்ண மூடிகினு கெடந்த மாதிரி. ஆனா பயமா இல்ல. சத்தம்கூட இல்ல."

நிறைமதி கருவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கருவி பழுதுபடுவதுண்டு, அப்போது படங்கள் சிதறித் தோன்றும். ஓசையற்ற இருள் பழுதன்று. பத்து ஆண்டு கழித்து உயிரோடிருப்போர்க்கு மட்டுமே கருவி நாளை நெய்யும். எவர்க்கு அந்நாள் இல்லையோ அவர்க்கு நெய்வதற்கு நூல் இல்லை. அவள் பணியாற்றிய ஊர்களில் முதியோர் சிலர் அவ்விருளைக் கண்டதுண்டு. 'கருவி ஓய்ந்துவிட்டது' என்று சொல்லி அனுப்புவதே வழக்கம்.

அவ்வாறே சொல்ல வாயெடுத்தவள், தேசம்மாளின் மணிக்கட்டிலிருந்த வளையத்தைக் கழற்றும்போது அதில் ஒளிர்ந்த பெயரைப் பார்த்தாள்.

"இது நாகவள்ளியோட வளையம்."

"ஆமா. என் ஓரகத்தி. இன்னிக்கு அவ எறா எடுத்துகினு சந்தைக்குப் போவணும். அதனால திங்கக்கெழமை என் மொறையில அவ தூங்கினா. இன்னிக்கு அவ மொறையில நான் தூங்கறேன்." தேசம்மாள் இதனை மிக இயல்பாகச் சொன்னாள். "எங்க பாடு அப்படித்தான் மேடம்."

காயலில் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலைவிடும் முறையையே அவ்வூரார் பாடு என்பர். சண்டையின்றி நீரைப் பகிர்ந்துகொள்ள அவர்கள் கண்ட வழி அது. ஒரு வீட்டார்க்கு இயலாத நாளில் அவர்தம் உறவினர் அம்முறையில் இறங்கலாம், எவரிடமும் சொல்லத் தேவையில்லை, இறங்கியவர்க்கே மீன். தலைமுறை தலைமுறையாக முறைகள் இவ்வாறு கைமாறி வந்துள்ளன. ஒரு துயில் மட்டும் கைமாறலாகாது என்று நினைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

"அது உங்க நாள் இல்லம்மா," என்று நிறைமதி மெல்லச் சொன்னாள். "நீங்க பாத்தது அவங்களோடது."

தேசம்மாளின் மூடியிருந்த வலக்கை மெல்லத் திறந்தது.

"அப்ப அந்தப் பெரியம்மா நான்தான்," என்றாள். "நண்டு வறுத்து வெச்சவ நான்."

நிறைமதி தலைகுனிந்தாள்.

"அந்த இருட்டுக்கு இன்னா அர்த்தம் மேடம்?"

"கனவுக்கு அர்த்தம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. சொன்னா உங்க ஊர் ஓட்டு மொத்தமும் செல்லாது."

"சொல்லாதீங்க. உங்க மொகத்த மட்டும் இந்தப் பக்கம் திருப்புங்க."

நிறைமதியால் திருப்ப முடியவில்லை. தேசம்மாளுக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

சந்தைப் படகு கரை சேர்ந்த ஓசை கேட்டு இருவரும் பள்ளி வாசலுக்கு வந்தனர். வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாகவள்ளி பள்ளியை நோக்கி மணல்மேட்டில் ஏறி வந்தாள். பாதி வழியில் நின்று, நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கினாள். பின்னர் இவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மீண்டும் ஏறினாள். இருபத்திரண்டு வயதுப் பெண் அம்மேட்டில் நின்று மூச்சு வாங்கலாகாது. இத்தனை நாளும் அதனைக் கண்டும் காணாதிருந்தோமே என்று தேசம்மாளுக்குத் தோன்றியது.

"இன்னாக்கா, தூங்கினியா? வளையத்துக்காரி நான், நீ குறட்டை வுட்டு என் மானத்த வாங்கலியே?"

"நீ திங்கக்கெழமை இன்னா பாத்தே?" என்றாள் தேசம்மாள்.

"ஓட்டு முடியறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்களே."

"சொல்லுடி."

நாகவள்ளி அலுவலரைக் கடைக்கண்ணால் பார்த்தாள். அவள் தடுக்கவில்லை. இரண்டு நாள்களாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததைச் சொல்லக் கிடைத்த மகிழ்ச்சியில் அப்பெண் மணலிலேயே அமர்ந்துவிட்டாள்.

"பாலம் இருக்கிறதுல ஒன்னும் நல்லா இல்லக்கா. எங்கேயோ ஓட்டல்ல அண்டா கழுவிகினு இருந்தேன், கையெல்லாம் வெந்நியில வெந்து போச்சி. பாலம் இல்லாததுதான்..." அவள் குரல் தாழ்ந்தது. "காயலு முழுக்கத் தண்ணி. பூநாரை எறங்கி ஒரே செவப்பா கெடக்குது. முழங்கால் தண்ணியில நான் போறேன். எனக்கு முன்னால ஒரு பொண்ணு கூடைய இழுத்துகினு போவுது. திரும்பித் திரும்பி, அம்மா வா, அம்மா வான்னு கூப்பிடுது. சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் குழி வுழுது. எனக்குப் பொறந்ததுக்கா. அப்புறம் வூட்டுக்கு வரோம். அது ஏனோ உன் வூடு. செவுத்துல மாலை போட்டு ஒரு போட்டோ. வெயிலு பட்டு மொகம் தெரில. மாமியாதான், பின்ன யாரு. அது போய்ச் சேந்தப்புறம் சமையக்கட்டு எவ்ளோ அமைதியா இருந்துச்சி தெரியுமா?" என்று சிரித்தாள். "பாலம் வேணாம்க்கா. நான் தீர்மானம் பண்ணிட்டேன். எனக்கு அவ போதும்."

காற்று நின்றிருந்தது. தொலைவில் ஒரு படகு நீரின்மேல் அன்றி ஒளியின்மேல் மிதப்பது போலத் தோன்றியது.

தேசம்மாளுக்கு இப்போது முழுதும் விளங்கிற்று. நாகவள்ளி கண்டது தேசம்மாளின் நாளை. பாலம் இல்லாத அந்நாளில் அச்சிறுமி தேசம்மாளைத்தான் அம்மா என்று அழைத்தாள். சுவரில் மாலையோடு இருந்தது மாமியார் அல்லள். மகப்பேற்று வேளையில் பொங்கிய காயலைக் கடக்க முடியாமல் ஒரு படகு திரும்பியிருக்கும். பிழைத்த குழந்தையைத் தேசம்மாள் மடியில் ஏந்தியிருப்பாள். அதற்குப் பிறகு அக்குழந்தைக்கு வேறு தாய் யார்?

அவள் வாய் திறவாதிருந்தால் போதும். எவரையும் அவள் தள்ளவேண்டியதில்லை. பொய் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைத்தால் போதும். இத்தனை ஆண்டுகளாக அவள் வேண்டிக்கொண்ட குரல், முழங்கால் நீரில் கூடையை இழுத்துக்கொண்டு அவளை நோக்கி வந்துவிடும். அந்தச் சிறுமியின் விரல்கள் எவ்வளவு சூடாயிருக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

நிறைமதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயைச் சட்டம் கட்டியிருப்பதற்காக அவள் வாழ்வில் முதன்முறையாக நாணினாள்.

"நாகு," என்றாள் தேசம்மாள். "நீ தூங்கினது என் தூக்கம்டி. நான் தூங்கினது உன்னுது. அந்த வூடு என் வூடு, அதுல இருந்தவ நான்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"உன்னுதுதான். பாலத்துல நான் பாத்தேன். அங்க நீ அம்மா, நான் பெரியம்மா. பாலம் இல்லாததுல நான் அம்மா." சற்று நிறுத்தினாள். "அந்தப் போட்டோ மாமியா இல்ல நாகு. உன் தூக்கத்துல பாலம் இல்லன்னா வெறும் இருட்டு. நான் அதுக்குள்ள இருந்துட்டு வரேன்."

நாகவள்ளி கூடையின் விளிம்பிலிருந்த ஓர் ஈர்க்கைப் பிய்த்து, அதனை மணலில் நட்டு, மீண்டும் பிடுங்கினாள்.

"அப்ப நான் பாலத்துக்குப் போடணுமாக்கா? நான் ஒருத்தி இருக்கறதுக்காக இம்மாந் தண்ணியும் வத்தணுமா?"

அப்போதுதான் நிறைமதி பேசினாள். அவள் கனவுக்குப் பொருள் சொல்லவில்லை. கருவியைப் பற்றி மட்டுமே சொன்னாள்.

"அந்தப் பெட்டி காட்டுறது, கனவே காணாத ஜனங்களோட நாளை. யாரும் எதையும் முன்னாடி தெரிஞ்சுக்காம வாழ்ந்தா என்ன ஆகும்னு மட்டுந்தான் அதுக்குக் கணக்குப் போடத் தெரியும். நீங்க இப்ப தெரிஞ்சுக்கிட்டீங்க."

"அப்படின்னா அது பொய்யா?"

"பொய் இல்ல. இன்னும் நடக்காதது. நாளைக்குக் காலையில ஆபீஸ் படகு அக்கரைக்குப் போகுது. ரெண்டு பேரும் ஏறிக்குங்க. மேட்டுல ஏறினா மூச்சு வாங்குதுன்னு டாக்டர்கிட்ட சொல்றதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க நிக்காது."

மறுநாள் மருத்துவமனையில் நெடுநேரம் காத்திருந்தனர். நாகவள்ளியின் இதயத்தில் ஒரு வால்வு பிறவியிலேயே குறுகியிருந்தது. இளைய மருத்துவர் ஒருவர் படம் வரைந்து விளக்கினார். முதலில் அதனைச் சீர்செய்ய வேண்டும். பின்னர் உடல் தேற வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குக் குழந்தையைப் பற்றி நினைக்கவே கூடாது. இப்போதே கருவுற்றால் எந்தக் கரையில் இருந்தாலும் ஆபத்துதான் என்றார் அவர். அதற்கு மேல் சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை. வெளியே வேறு நோயாளிகள் நின்றிருந்தனர்.

நடைபாதைப் பெஞ்சியில் இருவரும் அமர்ந்தனர். நிறைமதி சற்றுத் தள்ளி நின்றாள்.

"ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டா, அவ வருவாளாக்கா?" என்றாள் நாகவள்ளி.

"வேற யாராவது வருவாங்க."

"நான் அவளக் கேக்கறேன்."

தேசம்மாள் எதிரேயிருந்த சுவரைப் பார்த்தாள். வெள்ளைச் சுவர், அதில் ஒன்றுமில்லை.

"அவ வரமாட்டா," என்றாள். "அவ இந்த வருஷத்துக்கு உண்டானவ. இந்த வருஷம் போச்சின்னா அவளும் போயிடுவா."

"அப்ப இதப் பண்ணிக்கிறது அவளக் கொல்றதுதானே?"

"இல்லாதத எப்படிடி கொல்றது?"

"எனக்கு அவ இல்லாதவ இல்லக்கா. உனக்கு அப்படியா?"

செவிலியர் ஒருவர் கதவைத் திறந்து, சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்ள நாகவள்ளியின் பெயரை அழைத்தார்.

"எனக்கும் இல்லாதவ இல்ல," என்றாள் தேசம்மாள். "ஒரு சாயங்காலம் எனக்கு அவ பொண்ணு. ஒரு பகலு உனக்குப் பொண்ணு. நமக்குக் கெடச்சது அவ்ளோதான். எனக்கு நீ வேணும்டி. எழுந்து உள்ள போ."

நாகவள்ளி எழுந்து சென்றாள். கதவு மூடிக்கொண்டது. தேசம்மாள் அவள் விட்டுச்சென்ற செருப்புகளைச் சேர்த்து வைத்தாள். பிறகு முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு, எவர்க்கும் கேளாதவாறு, நெடுநேரம் அழுதாள். நிறைமதி அருகில் வரவில்லை.

வளையங்கள் மாறியமையால் விதிப்படி அவ்விருவர் வாக்குகளும் நீக்கப்பட்டன. எஞ்சியோர் சிறு வேறுபாட்டில் பாலத்தை மறுத்தனர். அன்று மாலையே ஊர்க்கூட்டம் கூடி, பாலத்துக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு துளியேனும் மருத்துவப் படகுக்குத் தரவேண்டும் என்று கேட்டது. அதனை முதலில் எழுந்து கேட்டவன் அஞ்சாப்புலி. கேலி எதுவும் இல்லாமல் அவன் பேசியது அதுவே முதன்முறை என்று ஊரார் சொல்லிக்கொண்டனர். படகு வருவதற்கு நெடுநாளாயிற்று. வந்த பின்னரும் அதன் எந்திரம் அடிக்கடி நின்றுவிடும்; ஊர் இளைஞர் கூடித் துடுப்புப் போடுவர்.

ஆறு ஆண்டுகள் கழித்து, காயலின் நீரளவைப் பதிவு செய்யும் பணியாக நிறைமதி மீண்டும் ஆலாத்திட்டுக்கு வந்தாள். வற்றக்கடவது என்று சிலர் கனவில் கண்ட நீர், முகத்துவாரத்தின் வழியே நுரையோடு ஏறிக்கொண்டிருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த நாகவள்ளி அவளை அடையாளம் கண்டு, ஈரக்கையோடு ஓடிவந்தாள். மேட்டில் எங்கும் நிற்காமல் ஓடிவந்தாள். கண்டல் மரத்தடியில் தேசம்மாள் அமர்ந்திருந்தாள். அவள் மடியில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் நண்டுக்காலைக் கடிக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தான். அவள் அதனை வாங்கி உடைத்து, சதையை எடுத்து அவன் வாயில் வைத்தாள்.

"பெரியம்மா, இன்னொன்னு," என்றான் அவன்.

கறுத்து, உருண்டையாய், உரத்த குரலோடு இருந்தான். நிறைமதி குனிந்து அவன் தலையைத் தடவினாள். தடவியவாறே அவன் கன்னங்களைப் பார்த்தாள். தான் வேண்டுமளவுக்கு மேல் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் உணரவில்லை.

"தேடாதீங்க மேடம்," என்றாள் நாகவள்ளி மெல்ல. "மொதல்ல நாங்களும் தேடினோம்."

தேசம்மாள் தலை நிமிரவில்லை. அடுத்த நண்டுக்காலை எடுத்து, பையனின் பல்லுக்கு ஏற்ற அளவில் உடைக்கத் தொடங்கினாள்.